யூதத் தெருவில் ஓர் உலா

நுழையும்முன்

ஒரு நகரின் வரலாற்றை நூல்களில் மட்டுமன்றி அதன் தெருக்களிலும் படிக்கலாம். வீட்டின் சாளரம், வழிபாட்டிடத்தின் தரை, சுவரில் பதித்த கல், கேட்பாரற்றுக் கிடக்கும் கல்லறை ஆகிய ஒவ்வொன்றும் வரலாற்றின் ஓர் ஏடே. கேரள மாநிலம் கொச்சியின் மட்டாஞ்சேரிப் பகுதியில் உள்ள யூதத் தெரு அத்தகைய ஏடுகள் நிறைந்தது. வந்தவரை வரவேற்ற மண்ணின் பெருமையும், வந்தவர் தமக்குள் வகுத்துக்கொண்ட வேற்றுமையின் வடுவும் அத்தெருவில் அருகருகே காணப்படுகின்றன.

கடலோடு வந்த உறவு

மேலைக் கடற்கரைக்கும் மேற்காசிய நாடுகளுக்கும் இடையிலான வணிக உறவு மிகத் தொன்மையானது. யவனர் பொன்னைக் கொண்டுவந்து, சேரரின் முசிறித் துறைமுகத்தில் மிளகை ஏற்றிச் சென்ற செய்தியை அகநானூறு கூறுகிறது. விவிலியத்தின் எபிரேய மூலத்தில், சாலமோன் அரசனின் கப்பல்கள் கொண்டுவந்த பொருள்களுள் ஒன்றாக மயில் குறிக்கப்படுகிறது. அங்கு மயிலைக் குறிக்கும் ‘துகி’ என்னும் சொல் தமிழின் ‘தோகை’ என்பதோடு தொடர்புடையது என்பது கால்டுவெல் முதலிய அறிஞர்களின் கருத்தாகும்.

இவ்வணிக வழியில்தான் யூதர்களும் கேரளக் கரைக்கு வந்தனர். முசிறியின் வழித்தோன்றலாகக் கருதப்படும் கொடுங்கல்லூர் அவர்களின் முதற் குடியிருப்பாக விளங்கியது. 1341ஆம் ஆண்டு பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளத்தால் கொடுங்கல்லூர்த் துறைமுகம் தூர்ந்தது. கொச்சியில் புதிய துறைமுகம் உருவாயிற்று. வணிகத்தைப் பின்தொடர்ந்து மக்களும் தெற்கு நோக்கி நகர்ந்தனர். கொச்சங்காடி என்னுமிடத்தில் 1344இல் யூதர்கள் ஒரு தொழுகைக் கூடத்தை எழுப்பினர். அக்கூடம் இன்று இல்லை. அதன் எபிரேயக் கல்வெட்டு மட்டும் மட்டாஞ்சேரித் தொழுகைக் கூடத்தின் புறச்சுவரில் பதிக்கப்பட்டுள்ளது.

அரண்மனைக்கு அருகே ஓர் அடைக்கலம்

யூதத் தெருவைக் காண வருவோரை வழிகாட்டிகள் பெரும்பாலும் மட்டாஞ்சேரி அரண்மனையிலிருந்து அழைத்துச் செல்வர். 1555இல் போர்ச்சுக்கீசியர் கட்டிக் கொச்சி அரசருக்கு அளித்த அரண்மனை அது. பின்னாளில் டச்சுக்காரர் அதனைப் புதுப்பித்ததால் ‘டச்சு அரண்மனை’ எனவும் பெயர் பெற்றது. அரண்மனை வளாகத்தில் பழையன்னூர் பகவதி கோயில் உள்ளது. அதனை அடுத்து எழுந்து நிற்பது யூதர்களின் தொழுகைக் கூடம். அரசரின் இல்லம், அவர் வழிபட்ட தெய்வத்தின் கோயில், அவரிடம் அடைக்கலம் புகுந்தோரின் வழிபாட்டிடம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. இவ்வமைப்பு தற்செயலானதன்று.

பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினிலிருந்தும் அடுத்துப் போர்ச்சுக்கல்லிலிருந்தும் யூதர்கள் சமயத்தின் பெயரால் துரத்தப்பட்டனர். அவர்களுள் சிலர் நெடுந்தொலைவு கடந்து கொச்சியை அடைந்தனர். கொடுங்கல்லூரில் வாழ்ந்த யூதர்களும் அங்கு ஏற்பட்ட தாக்குதல்களால் கொச்சிக்கு இடம்பெயர்ந்தனர். பதினாறாம் நூற்றாண்டில் கொச்சி அரசர் தம் அரண்மனையின் அருகிலேயே அவர்களுக்கு நிலம் வழங்கினார். அந்நிலத்தில் 1568இல் ‘பரதேசி’ தொழுகைக் கூடம் எழுந்தது. ‘பரதேசி’ என்னும் சொல் இன்றைய பேச்சுத் தமிழில் ஆதரவற்று அலைபவரைக் குறிக்கிறது. இங்கோ ‘பிற தேசத்தவர்’ என்னும் அதன் நேர்ப்பொருளையே தருகிறது.

1662இல் போர்ச்சுக்கீசியர் இத்தொழுகைக் கூடத்திற்குத் தீ வைத்தனர். டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றிய பின்னர் இது மீண்டும் எழுப்பப்பட்டது.

செப்பேடு சொல்லும் செய்தி

தொழுகைக் கூடத்தின் முகப்பருகே உள்ள அறையில், கேரள யூதர் வரலாற்றைக் காட்சிகளாகத் தீட்டிய ஓவியங்கள் உள்ளன. அவ்வரலாற்றின் உயிரான சான்று, இக்கூடத்தின் உடைமையாகப் பாதுகாக்கப்படும் செப்பேடாகும்.

சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன், யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு வழங்கிய உரிமைகளை அச்செப்பேடு பதிவுசெய்துள்ளது. யூத மரபுவழிச் செய்தி இதனை நான்காம் நூற்றாண்டினது எனக் கூறும். கல்வெட்டறிஞர்களோ எழுத்தமைதி, அரசனின் ஆட்சியாண்டு ஆகியவற்றைக் கொண்டு இது கி.பி. 1000ஆம் ஆண்டை ஒட்டியது எனக் கணித்துள்ளனர். வழிவழிச் செய்தியும் ஆய்வு முடிவும் வேறுபடும்போது, இரண்டையும் அறிந்து சான்றின் பக்கம் நிற்பதே வரலாற்று நெறியாகும்.

பாண்டிய நாட்டுக் கல்வெட்டுகளில் காணப்படும் வட்டெழுத்தே இச்செப்பேட்டிலும் இடம்பெற்றுள்ளது. இடையிடையே கிரந்த எழுத்துகளும் கலந்துள்ளன. மலையாளம் தனிமொழியாகக் கிளைத்து வளர்ந்துகொண்டிருந்த காலத்து மொழிநடையை இதில் காணலாம். யோசேப்பு ரப்பானுக்கு ‘அஞ்சுவண்ணம்’ என்னும் வணிகக் குழுத் தலைமையும் எழுபத்திரண்டு உரிமைகளும் வழங்கப்பட்டன. பகல்விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை, பறை, காகளம், தோரணம் ஆகியன அவ்வுரிமைகளுள் சில. இங்குப் பாவாடை என்பது பெருமக்கள் நடந்துவரத் தரையில் விரிக்கும் துணியைக் குறிக்கும். பிறர் செலுத்திய வரிகளிலிருந்து யூதர்களுக்கு விலக்கும் அளிக்கப்பட்டது. நிலவும் நிலமும் உள்ளவரை இவ்வுரிமைகள் அவன் வழியினருக்குத் தொடரும் என்று அச்செப்பேடு உறுதி கூறுகிறது.

குடைபிடித்து நடப்பதும் பல்லக்கில் செல்வதும் எல்லார்க்கும் வாய்க்காத காலம் அது. உயர்ந்தோர்க்கு மட்டும் உரியனவாக இருந்த சிறப்புகளைக் கடல் கடந்து வந்த வேற்றுச் சமயத்தவருக்கு ஓர் அரசன் எழுத்தில் வழங்கியிருக்கிறான். ஐரோப்பாவின் பல நகரங்களில் யூதர்கள் தனிச்சேரிகளில் அடைக்கப்பட்ட வரலாற்றை நினைத்தால் இச்செப்பேட்டின் பெருமை விளங்கும். 2017இல் இஸ்ரேலுக்குச் சென்ற இந்தியப் பிரதமர், அந்நாட்டுப் பிரதமருக்கு இச்செப்பேட்டின் படியைப் பரிசாக வழங்கினார்.

தெரியுமா?

அஞ்சுவண்ணம் என்பது மேற்காசிய வணிகர்களின் குழுவைக் குறித்த பெயராகும். தமிழகக் கடற்கரைக் கல்வெட்டுகளிலும் இப்பெயர் காணப்படுகிறது.

கூடத்தின் உள்ளே

தொழுகைக் கூடத்தின் மணிக்கூண்டு 1760இல் எசேக்கியேல் ரஹாபி என்னும் யூத வணிகரால் எழுப்பப்பட்டது. டச்சு நிறுவனத்தின் வணிக முகவராகவும் அரசர்களுக்கிடையே தூதராகவும் செல்வாக்குடன் விளங்கியவர் அவர். கடிகாரத்தின் ஒரு முகத்தில் எபிரேய எழுத்துகளும், மற்றொன்றில் உரோமானிய எண்களும், வேறொன்றில் மலையாள எண்களும் உள்ளன. பல மொழியினர் நடமாடிய துறைமுகத்தில், ஒவ்வொருவரும் தத்தம் எழுத்தில் நேரம் அறிய அது உதவியது.

உள்ளே நுழைவோர் காலணிகளைக் கழற்றிவிட வேண்டும். உலகின் பிற பகுதிகளிலுள்ள யூதத் தொழுகைக் கூடங்களில் பொதுவாகக் காணப்படாத வழக்கம் இது. கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் உரிய உள்ளூர் மரபை யூதர்களும் தமதாக்கிக் கொண்டனர். வெறுங்காலில் மிதிக்கும் தரையில், சீனத்தின் காண்டன் நகரிலிருந்து ரஹாபி வரவழைத்து 1762இல் பதித்த வெண்ணீல ஓடுகள் உள்ளன. ஒவ்வோர் ஓடும் கையால் தீட்டப்பட்டதாதலின் ஒன்றுபோல் மற்றொன்று முற்றிலும் அமைவதில்லை. மேலே பெல்ஜிய நாட்டுக் கண்ணாடிச் சரவிளக்குகளும், தேங்காயெண்ணெய் ஊற்றி ஏற்றும் விளக்குகளும் தொங்குகின்றன. நடுவே பித்தளைக் கம்பிகள் சூழ்ந்த மேடை உள்ளது. யூதர்களின் திருமறையாகிய தோராவின் சுருளேடுகள் மேற்குச் சுவரிலுள்ள பேழையில் வைக்கப்பட்டுள்ளன. எருசலேம் நகரம் கொச்சிக்கு மேற்கே இருப்பதால் வழிபடுவோர் அத்திசையை நோக்கி நிற்பர். சுருளேடுகளுக்கு அணிவிக்கும் பொன்முடிகளுள் ஒன்று திருவிதாங்கூர் அரசரின் கொடையாகும்.

சீனத்து ஓடு, பெல்ஜியத்து விளக்கு, மலபாரின் தேங்காயெண்ணெய், எபிரேய மறை, இந்து அரசரின் பொன்முடி ஆகிய அனைத்தும் ஒரே கூரையின்கீழ் இணைந்துள்ளன. 1968இல் இக்கூடத்தின் நானூறாம் ஆண்டு விழாவில் அன்றைய பிரதமர் இந்திரா காந்தி கலந்துகொண்டார். அவ்வாண்டு இந்திய அரசு சிறப்பு அஞ்சல்தலையையும் வெளியிட்டது.

வாயிலில் நிகழ்ந்த அறப்போராட்டம்

இத்தனை அழகு நிறைந்த கூடத்திற்குள் எல்லா யூதரும் சமமாக அமர்ந்துவிடவில்லை. கேரள யூதர்களுள் பழங்காலந்தொட்டு வாழ்ந்தோர் மலபாரி யூதர் எனப்பட்டனர். தொகையில் அவர்களே பெரும்பான்மையினர். பிற்காலத்தில் வந்தோர் பரதேசி யூதர் எனப்பட்டனர். ஐரோப்பியர் இவர்களைக் ‘கறுப்பு யூதர்’, ‘வெள்ளை யூதர்’ என்று நிறத்தால் பிரித்து எழுதினர். இரு பிரிவினரிடையே திருமண உறவு இல்லை. மலபாரி யூதர்கள் தமக்கெனத் தனித் தொழுகைக் கூடங்களைக் கொண்டிருந்தனர்.

பரதேசி யூதரின் இல்லங்களில் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றோரின் வழியினர் மூன்றாம் பிரிவினர். ‘விடுவிக்கப்பட்டோர்’ எனப் பொருள்படும் எபிரேயப் பெயரால் அவர்கள் அழைக்கப்பட்டனர். பெயரில் இருந்த விடுதலை வாழ்வில் இல்லை. பரதேசி தொழுகைக் கூடத்தில் அவர்களுக்குப் பின்புறத்தில் தரையே இருக்கையாயிற்று. மேடையேறித் திருமறை படிக்கும் உரிமையும் மறுக்கப்பட்டது. பிற நாடுகளில் ஒதுக்கப்பட்டு, இங்கு வந்து மதிப்புப் பெற்றவர்களே தம்முள் ஒரு சாராரை ஒதுக்கிவைத்தனர் என்பது இத்தெருவின் வரலாற்றில் உள்ள கசப்பான உண்மையாகும்.

இந்நிலையை எதிர்த்து நின்றவர் ஆபிரகாம் பராக் சேலம். 1882இல் இப்பிரிவில் பிறந்த அவர் எர்ணாகுளத்தில் கல்வி கற்று, பின் சென்னையில் சட்டம் பயின்று, கொச்சி யூதருள் முதல் வழக்கறிஞர் ஆனார். கொச்சிச் சட்டமன்றத்தில் உறுப்பினராகப் பணியாற்றினார். தொழிலாளர் சங்கங்கள் அமையத் துணைநின்றார். 1929இல் லாகூரில் நடைபெற்ற காங்கிரஸ் மாநாட்டிலும் கலந்துகொண்டார். நாட்டின் விடுதலைக்குக் காந்தியடிகள் காட்டிய அறவழியையே தம் வழிபாட்டிடத்தின் சமத்துவத்திற்கும் அவர் கைக்கொண்டார். தம் மைந்தருடன் தொழுகைக் கூடத்தில் அறப்போராட்டம் நடத்தினார். யாரையும் தாக்காமல், கூடத்தை விட்டு விலகியும் செல்லாமல், உரிமை மறுக்கப்பட்ட இடத்திலேயே உறுதியுடன் நின்றார். தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. மக்கள் அவரை ‘யூதக் காந்தி’ என்று அழைத்தனர். 1967இல் அவர் மறைந்தார்.

சீன ஓடுகளின் அழகைக் கண்டு வியப்போர், அவ்வோடுகள் பதித்த தரையில் சமமாக நிற்பதற்கு ஒருவர் பல்லாண்டுகள் போராட நேர்ந்ததையும் அறிந்துகொள்ள வேண்டும்.

மிளகு மணக்கும் தெரு

தொழுகைக் கூடத்திலிருந்து தெற்கு நோக்கி நீளும் தெரு குறுகியது. இருபுறமும் தெருவை ஒட்டியே வீடுகள் அமைந்துள்ளன. கீழ்த்தளத்தில் கடையோ கிடங்கோ இருக்கும். மேல்தளத்தில் குடும்பம் வாழும். சில சாளரங்களின் கம்பிகளில் ஆறுமுனை விண்மீன் வடிவத்தை இன்றும் காணலாம். மிளகு, இஞ்சி, ஏலம் ஆகியவற்றின் மணம் இத்தெருவின் நெடுநாள் அடையாளம். மிளகு வணிகச் சங்கத்தின் கட்டடமும் இங்கேதான் உள்ளது. இன்று பல வீடுகள் பழம்பொருள் கடைகளாகவும் கைவினைப் பொருள் அங்காடிகளாகவும் மாறிவிட்டன.

இவ்வீடுகளில் வாழ்ந்த பெண்கள் மலையாளத்தில் ஒரு பாடல் மரபைப் பேணினர். திருமணத்திலும் திருநாள்களிலும் அவர்கள் கூடிப் பாடினர். விவிலியக் கதைகள், மணமகளுக்கு வாழ்த்து, தொழுகைக் கூடம் எழுந்த வரலாறு ஆகியன அப்பாடல்களின் பொருள். தாய் தன் ஏட்டிலிருந்து படியெடுத்து மகளுக்குக் கொடுக்க, அவை கையெழுத்து ஏடுகளிலேயே தலைமுறைகளைக் கடந்தன. அப்பாடல்கள் சில எபிரேய மொழிபெயர்ப்புடன் 2005இல் எருசலேமில் நூலாக வெளிவந்தன. அந்நூலின் பெயர் ‘கார்குழலி’ எனத் தொடங்குகிறது. கரிய கூந்தலையுடையவள் என்னும் அச்சொல் தமிழ் மாணவர்க்கு விளக்கம் வேண்டாதது. இத்தெருவில் வளர்ந்த ரூபி டேனியல் என்னும் பெண்மணி, தம் நினைவுகளை 1995இல் ஆங்கில நூலாக வெளியிட்டு இவ்வாழ்வுக்கு எழுத்துச் சான்று அளித்தார்.

பிரிந்து சென்றோர்

1948இல் இஸ்ரேல் நாடு உருவானபோது கேரளத்தில் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட யூதர்கள் வாழ்ந்தனர். 1950களின் இடைப்பகுதிக்குள் அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அங்குக் குடிபெயர்ந்தனர். எவரும் அவர்களை விரட்டவில்லை. மூதாதையர் வேண்டிக்கொண்ட நாட்டிற்குத் திரும்ப வேண்டும் என்னும் சமய வேட்கையே அவர்களை ஈர்த்தது. மிளகு விளையும் ஈரமண்ணை விட்டுச் சென்ற அவர்களுள் பலர், நெகேவ் பாலைநிலத்தின் நெவாதிம் போன்ற ஊர்களில் உழவராயினர்.

யூதரின் கூட்டுத் தொழுகைக்கு வயதுவந்த ஆண்கள் பத்துப்பேர் கூட வேண்டும் என்பது மரபு. ஒவ்வொரு குடும்பமாக ஊரை விட்டு நீங்கியபோது அப்பத்துப்பேர் கூடுவதே அரிதாயிற்று. எஞ்சிய பரதேசி யூதர் தொகையும் ஆண்டுதோறும் குறைந்தது. தொழுகைக்கான தலைமறைப்புக் குல்லாய்களுக்குப் பூந்தையல் இட்டு விற்று வந்த மூதாட்டி ஒருவர், 2019இல் தம் தொண்ணூற்றாறாம் வயதில் இத்தெருவில் மறைந்தார். முதுமையில் அவரைத் தாயைப்போல் பேணியவர் ஓர் இசுலாமிய அன்பர்.

தெருவின் மறுமுனை

பார்வையாளர் பலரும் தொழுகைக் கூடத்தைக் கண்டு, கடைகளைச் சுற்றித் திரும்பிவிடுவர். தெற்கு முனைவரை நடப்போர் வேறொரு காட்சியைக் காண்பர். அங்கிருப்பது மலபாரி யூதர்களின் கடவும்பாகம் தொழுகைக் கூடம். ‘கடவு’ என்பது படகுத்துறை. துறைப்பக்கத்தார் கூடம் என்பது அப்பெயரின் பொருள். பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த இக்கூடம் பரதேசி தொழுகைக் கூடத்தினும் பழமையானது. இதே தெருவில் இருந்த தெக்கும்பாகம் தொழுகைக் கூடம் இடிக்கப்பட்டு மறைந்தது.

மலபாரி யூதர்கள் குடிபெயர்ந்த பின்னர்க் கடவும்பாகத்தில் தொழுகை நின்றது, கட்டடம் கிடங்காயிற்று. அதன் வேலைப்பாடு மிக்க மரவிதானம் முதலிய உட்பகுதிகள் எருசலேமிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தன. அங்கு அவை மீண்டும் பொருத்தப்பட்டு, உலக மக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன. இங்கு எஞ்சியவை சுவர்களே. 2019இல் பெய்த கனமழையில் அவற்றிலும் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது.

ஒரே தெருவின் ஒரு முனையில் மணிக்கூண்டு பொலிவுடன் நிற்கிறது; மறுமுனையில் அதனினும் பழைய கூடம் சிதைந்து நிற்கிறது. செல்வமும் செல்வாக்கும் உடையோர் விட்டுச் சென்றது காக்கப்பட்டது. பெரும்பான்மையாக இருந்தும் எளியவராக வாழ்ந்தோர் விட்டுச் சென்றது கவனிப்பாரின்றிப் போயிற்று. எனினும் நம்பிக்கைக்கு இடமில்லாமல் இல்லை. பறவூரிலும் சேந்தமங்கலத்திலும் உள்ள மலபாரி யூதர்களின் தொழுகைக் கூடங்கள் சீரமைக்கப்பட்டு, இன்று அருங்காட்சியகங்களாக விளங்குகின்றன.

அணையா விளக்கு

தெருவிலிருந்து சற்று விலகிய குடியிருப்புப் பகுதியில் ஒரு கல்லறை உள்ளது. மலபாரி யூதர்களின் பழைய இடுகாடு இருந்த இடம் அது. சுற்றிலும் வீடுகள் எழுந்துவிட்ட போதிலும் அக்கல்லறை மட்டும் காக்கப்பட்டு வருகிறது. அங்கு அடங்கியிருப்பவர் 1615இல் மறைந்த நெகேமியா மூத்தா என்னும் சான்றோர். அவர் எபிரேயக் கவிஞர். இறையனுபூதி பெற்றவராக மதிக்கப்பட்டவர். இன்றும் இந்துக்கள், கிறித்தவர், இசுலாமியர் என எல்லாச் சமயத்தாரும் அங்கு வந்து மெழுகுவத்தி ஏற்றி வேண்டிக்கொள்கின்றனர்.

அவருடைய இனத்தார் அவ்வூரில் இல்லை. அவர் பாடிய மொழியை அறிந்தோரும் அங்கு இல்லை. ஆயினும் அவர் மறக்கப்படவில்லை. ஒரு சமூகம் பிரிந்து சென்ற பின்பு, அதன் நினைவைக் காக்கும் பொறுப்பு அக்கம்பக்கத்தாரைச் சேர்கிறது. அப்பொறுப்பைக் கொச்சி மக்கள் ஓரிடத்தில் நிறைவேற்றியுள்ளனர்; ஓரிடத்தில் தவறவிட்டுள்ளனர். மரபுச் சின்னங்களைக் காக்கும்போது அழகானவற்றை மட்டுமன்றி எளியவற்றையும், பெருமையை மட்டுமன்றிப் பிழைகளின் பாடத்தையும் சேர்த்தே காக்க வேண்டும் என்பதை யூதத் தெருவின் இரு முனைகளும் உணர்த்துகின்றன.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் மக்கள் இடம்பெயர்ந்து சென்றதால் வழக்கிழந்த தெரு, வழிபாட்டிடம், சந்தை ஆகியவற்றுள் ஒன்றை நேரில் கண்டு, அதன் வரலாற்றை முதியோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. ‘பயன்படுத்துவோர் இல்லாத மரபுச் சின்னத்தைக் காப்பது யாருடைய கடமை?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.